பாலிஷ் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி

லெதர் ஷூ பத்திப் பேச்சு வந்தாலே "எந்த பாலிஷ் நல்லா இருக்கும்"னுதான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், அதுக்கும் கீழ வர்றேன். ஆனா ஒரு நல்ல ஷூ சீக்கிரமே வீணாப் போச்சுன்னா பாலிஷ் போடாதது அதுக்குக் காரணமா இருக்கறது ரொம்பக் கம்மி. தூசியைத் தட்டாம அதுமேலயே பாலிஷ் அப்பினது, ஈரத்தோட அலமாரில தள்ளினது, ஒரே ஜோடியை நாள் தவறாம போட்டது, இந்த மூணுதான் பெரும்பாலும் காரணம். பாலிஷ்ங்கறது வரிசைல கடைசி வேலை. அதுக்கு முன்னாடி நடக்க வேண்டியதெல்லாம் சரியா நடந்துட்டா கொஞ்சூண்டு பாலிஷ்லயே ஷூ அப்படி ஒரு அழகுல நிக்கும், அதைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல தோல்னா என்னன்னு கொஞ்சம் பாத்துடலாம், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். மாட்டுத்தோலோ கன்னுத்தோலோ, உள்ள இருக்கறது கொலாஜன்ங்கற புரத நார், குறுக்கும் நெடுக்குமா பின்னிக் கிடக்கும். பச்சைத்தோலை அப்படியே விட்டா அழுகிடும், காய வச்சா பலகை மாதிரி விறைச்சிடும், அதனாலதான் பதனிடறது. ரொம்பக் காலமா மரப்பட்டைச் சாறு வச்சு பதனிட்டாங்க, 19ஆம் நூற்றாண்டு கடைசிலதான் குரோமியம் உப்பு வச்சுப் பதனிடற முறை தொழிலா வளர்ந்துச்சு, இன்னிக்கு ஷூவோட மேல் தோல்ல பெரும்பகுதி அந்த முறைல வர்றதுதான். பதனிட்டு முடிச்சதும் அந்த நார்களுக்கு நடுவுல எண்ணெய் ஏத்துவாங்க, இந்த எண்ணெய்தான் ஆதாரமே. நாம ஒவ்வொரு அடி வைக்கும்போதும் விரல் பக்கத்துல ஷூ மடங்குதுல்ல, அப்ப நார் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிப் போகணும், வழுக்க எண்ணெய் வேணும். மழைல நனைஞ்சு காஞ்சு, வேர்வைல ஊறிக் காஞ்சு, அந்த எண்ணெய் கொஞ்சங் கொஞ்சமா குறைஞ்சுட்டே வரும், ஒரு கட்டத்துல நார் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, மடிக்கும்போது நகர முடியாம அறுந்துடும். அதுதான் வெடிப்பு. வெடிச்ச தோலை மறுபடி சேர்க்க எந்த மருந்தும் கிடையாது, மேல எதையாவது அடைச்சு கலர் அடிச்சு மறைக்கலாம், அவ்வளவுதான். அதனால வெடிக்கறதுக்கு முன்னாடி கவனிக்கறதுதான் பராமரிப்புங்கறது.

மடிப்பு விழறதைப் பாத்து பயப்பட வேண்டாம். லெதர்னா மடிப்பு விழும், விழணும், கால் நடக்கற விதத்துக்கு ஏத்த மாதிரி அது படிஞ்சுக்கும். பயப்பட வேண்டியது அந்த மடிப்புக்குள்ள போய் உக்கார்ற மண்ணுக்குத்தான். ரோட்டுத் தூசில நிறைய பொடி மணல் இருக்கும், அது தோலை விட எவ்வளவோ கடினம். மடிப்புல அது தங்கிட்டா நீங்க நடக்கற ஒவ்வொரு அடியும் உள்ள உப்புத்தாள் போட்டு தேய்க்கற மாதிரிதான். இதுமேல பாலிஷ் போட்டீங்கன்னா அந்த மணலை மெழுகோட சேத்துக் குழைச்சு அங்கயே நிரந்தரமா ஒட்டி வைக்கறீங்க. அதான் நான் யார் கேட்டாலும் முதல்ல ஒரு நல்ல குதிரைமுடி பிரஷ் வாங்குங்கன்னு சொல்றது. குதிரைமுடி மெல்லிசா இருக்கும், தோலைக் கீறாது, தூசியை மட்டும் எடுத்துடும். வெளில போயிட்டு வந்து ஷூவைக் கழட்டினதும் ஒரு அரை நிமிஷம் சுத்திலும் பிரஷ் போட்டு விடுங்க, சோலும் மேல் தோலும் சேர்ற இடுக்கு இருக்குல்ல, அங்க ஒரு பழைய டூத் பிரஷ். இவ்வளவுதான். இதை மட்டும் விடாம செஞ்சாலே ஷூவோட ஆயுசு கணிசமா கூடும்னு நான் உறுதியா நம்பறேன், இதோட அருமை நிறைய பேருக்குத் தெரியாமயே போயிடுது, ஏன்னா இதுல உடனே கண்ணுக்குத் தெரியற மாற்றம் எதுவும் இல்ல.

அடுத்தது, உங்ககிட்ட இருக்கறது எந்த மாதிரி தோல்னு தெரிஞ்சுக்கணும். ஃபுல் கிரெய்ன்னா தோலோட மேல்பரப்பு அப்படியே இருக்கும், நுண்துளைகூட தெரியும், கிரீம் போட்டா குடிக்கும். கரெக்டட் கிரெய்ன்னு ஒண்ணு இருக்கு, மேல்பரப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு அதுமேல பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து கண்ணாடி மாதிரி பண்ணியிருப்பாங்க, புதுசா வாங்கும்போது இதுதான் ஜாஸ்தி மினுமினுக்கும், ஆனா மடிப்பு விழற இடத்துல அந்தப் பூச்சு கரடுமுரடா உடையும். இன்னொண்ணு ரெக்ஸின், அது தோலே இல்ல. கண்டுபிடிக்க ஈஸியான வழி, ஷூவோட நாக்கு, அதாவது லேஸுக்கு அடியில இருக்கற பட்டை, அது பக்கமா மறைவான இடத்துல ஒரு சொட்டு தண்ணி வச்சுட்டு கொஞ்ச நேரம் பாருங்க. தோல் இருண்டு தண்ணியை இழுத்துச்சுன்னா கண்டிஷனர் (தோலுக்கு எண்ணெய் ஏத்தற பூச்சு), கிரீம் எல்லாம் உள்ள போகும். முத்து மாதிரி அப்படியே நின்னுச்சுன்னா மேல பூச்சு இருக்கு, இல்லன்னா மெழுகு தடிமனா ஏறியிருக்கு. பூச்சு இருக்கற ஷூவுக்கு என்ன ஒசத்தியான கண்டிஷனர் வாங்கிப் போட்டாலும் மேலயேதான் நிக்கும், ஈரத்துணில துடைச்சு லேசா மெழுகு போட்டா போதும், காசை மிச்சம் பண்ணுங்க.

சுத்தம் பண்றதுக்கு முதல் விதி லேஸைக் கழட்டறது. லேஸ் இருக்கும்போதே பாலிஷ் போட்டா லேஸும் கறையாகும், அதுக்கு அடியில இருக்கற நாக்குக்கு ஒண்ணுமே போய்ச் சேராது, நிறைய ஷூல நாக்குதான் முதல்ல காஞ்சு வெடிக்கும், கவனிச்சுப் பாருங்க. அப்புறம் பிரஷ், அப்புறம் நல்லா பிழிஞ்ச ஈரத்துணி. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் ஷூ கிளீனர் போட்டு பழைய மெழுகையெல்லாம் எடுத்துட்டு புதுசா ஆரம்பிங்க, மெழுகு மேல மெழுகா ஏறிட்டே போனா கலர் மங்கி மேல ஒரு அழுக்குப் படலம் வந்துடும். சேடில் சோப் பத்தி நிறைய பேர் சொல்லுவாங்க, அது குதிரைச் சேணத்துக்கு வந்த சோப், காரத்தன்மை உள்ளது, தோலோ இயல்பாவே லேசான அமிலத்தன்மைல இருக்கறது, அதனால முரட்டு பூட்ஸ் ரொம்ப சேறாச்சுன்னா எப்பவாவது போடலாம், மெல்லிசான ஃபார்மல் ஷூவுக்கு நான் தொட மாட்டேன். வெள்ளையா உப்புக் கோடு படிஞ்சிருந்தா வினிகரும் தண்ணியும் சமமா கலந்து, துணில தொட்டுத் துடைச்சா போயிடும். அந்தக் கோடு வேர்வையாலயும் வரும், அதை விட்டு வச்சா உப்பு ஈரத்தை இழுத்து இழுத்து அந்த இடத்தையே கெடுத்துடும்.

இப்ப கண்டிஷனர். போன எண்ணெயைத் திருப்பிக் கொடுக்கற வேலை இதுதான். ஒரு பழைய காட்டன் பனியன் துணியை விரல்ல இறுக்கமா சுத்திக்கிட்டு, பட்டாணி அளவு எடுத்து ஒரு ஷூ முழுக்க பரவ விடணும், மடிப்பு விழற இடத்துல கொஞ்சம் கூடுதலா. தடவிட்டு ராத்திரி முழுக்க விடுங்க, காலைல மிச்சம் மேல நின்னா துடைச்சிடுங்க. ஜாஸ்தி போட்டா நல்லதுன்னு நினைக்கக் கூடாது. எண்ணெய் அதிகமான தோல் தொளதொளன்னு ஆயிடும், வடிவம் நிக்காது, மேல மெழுகு பிடிக்காது, பூஞ்சைக்கும் ரொம்பப் பிடிச்ச இடமாயிடும். நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் காலெலும்புல இருந்து எடுக்கற எண்ணெய்), மிங்க் ஆயில் (மிங்க்ங்கற பிராணியோட கொழுப்பு) ரெண்டும் வேலை செய்ற பூட்ஸுக்கு ஓகே, பிரவுன் ஷூல போட்டா கலர் நல்லாவே இருண்டுடும், அது திரும்பி வராது. சமையல் எண்ணெய் தடவினா மின்னும்னு வீடியோல்லாம் சுத்துது, தயவுசெஞ்சு வேண்டாம். அன்னிக்கு மின்னும், நாளாக நாளாக சிக்கு வாடை வரும், போற வர்ற தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

சரி, பாலிஷ். ரெண்டு வகை, ரெண்டும் ரெண்டு வேலை. கிரீம் பாலிஷ்ல தண்ணி, எண்ணெய், மெழுகு, நிறமி எல்லாம் கலந்திருக்கும், அது தோலுக்குள்ள இறங்கி மங்கின கலரைத் திருப்பிக் கொண்டு வரும், பளபளப்பு கம்மியா ஆனா ஆழமா இருக்கும். டப்பால வர்ற மெழுகு பாலிஷ் மேல நின்னு ஒரு படலமா காக்கும், பளபளப்பும் அதோடதுதான். அதுல முக்கியமா ரெண்டு மெழுகு, ஒண்ணு தேன்மெழுகு, இன்னொண்ணு பிரேசில்ல வளர்ற ஒரு வகைப் பனையோட இலைல இருந்து எடுக்கற கார்னபா. தேன்மெழுகு 62, 63 டிகிரி செல்சியஸ்ல உருகும், கார்னபாவுக்கு 80 டிகிரிக்கு மேல வேணும், அந்த இறுக்கம்தான் பளபளப்பைக் கொடுக்கறது, ஆனா அது மட்டும் இருந்தா உடைஞ்சு உதிரும், அதனால மெத்துன்னு இருக்கற மெழுகும் சேர்ப்பாங்க. இதையெல்லாம் தடவற பதத்துக்குக் கொண்டு வர டர்பன்டைன் மாதிரி ஒரு கரைப்பான், டப்பாவைத் திறந்ததும் வர்ற அந்த வாசனை அதோடதுதான், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனா ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, பக்கத்துல நெருப்பு இருக்கவே கூடாது. டப்பாவுக்குள்ளயே தீக்குச்சி கொளுத்திப் போட்டு உருக்கறதைச் சில பேர் வித்தை மாதிரி காட்டறாங்க, அது விபத்துலதான் முடியும்.

உலகம் முழுக்கத் தெரிஞ்ச கிவி பாலிஷ் 1906ல மெல்போர்ன்ல வந்தது. ஆரம்பிச்ச வில்லியம் ராம்சேயோட மனைவி நியூசிலாந்துக்காரங்க, அதனால அந்த ஊர்ப் பறவையோட பேரு. முதல் உலகப் போர்ல சிப்பாய்ங்க பூட்ஸுக்குப் போய்த்தான் அது இவ்வளவு பரவுச்சு. அதுக்கு முன்னாடியெல்லாம் பல பாலிஷ் வெறும் கருப்பு ஏத்தறதோட சரி, கலரைத் திருப்பிக் கொடுத்து தண்ணியையும் கொஞ்சம் தடுக்கற மெழுகு கைக்கு அடக்கமான டப்பால கிடைச்சது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பிராண்டு பத்திக் கேக்கறவங்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான், மெழுகு பாலிஷ்ல சாதாரண டப்பாவுக்கும் ரொம்ப விலை கூடினதுக்கும் இருக்கற வித்தியாசம் கொஞ்சம்தான், காசு இருந்தா அதை நல்ல பிரஷ்லயும் நல்ல கிரீம்லயும் போடுங்க. தலைல ஸ்பாஞ்ச் வச்ச லிக்விட் பாலிஷ் மட்டும் வேண்டாம். அதுல பலது காஞ்சதும் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகி, மடிப்புல உடைஞ்சு உதிரும், அதுக்கப்புறம் கிரீமும் உள்ள இறங்காது.

போடற விதம் ரொம்ப சிம்பிள். கிரீமை மெல்லிசா தடவி ஒரு பத்து நிமிஷம் விட்டு பிரஷ் போடுங்க. அதுமேல மெழுகு, இன்னும் மெல்லிசா, மறுபடி காய விட்டு மறுபடி பிரஷ். கை நீட்டி வேகமா, லேசா, அழுத்தாம போடணும், பிரஷ் உரசற சூட்டுல மெழுகு இளகி சமமா படியும். நேரம் முழுக்க இங்கதான் போகணும், பாலிஷ் தடவறதுல இல்ல. கருப்புக்கு ஒரு பிரஷ், பிரவுனுக்கு வேற பிரஷ், இதுல சமரசமே கிடையாது. கலர் சந்தேகமா இருந்தா ஷூவை விட ஒரு படி வெளிறினதை எடுங்க, இருண்டதைப் போட்டுட்டா திருப்பறது கஷ்டம். நியூட்ரல், அதாவது கலரே இல்லாத பாலிஷ், எல்லாத்துக்கும் சேரும், ஆனா கருப்பு ஷூல ஜாஸ்தி போட்டா மடிப்புல வெள்ளையா நிக்கும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். 1838ல பாரிஸ்ல லூயி டாகேர் தன்னோட ஜன்னல்ல இருந்து ஒரு தெருவைப் போட்டோ எடுத்தார். படம் பதிய பல நிமிஷம் ஆகும்ங்கறதால போற வர்ற வண்டி, ஜனம் யாருமே அதுல விழல, தெருவே காலியா இருக்கற மாதிரி தெரியும். ஓரத்துல ஒரே ஒரு ஆள் மட்டும் ஒரு காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறார், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கறார்னுதான் எல்லாரும் சொல்றது, அவர் ஆடாம நின்னதாலதான் பதிஞ்சார். போட்டோல விழுந்த முதல் மனுஷங்கன்னு அவரையும், காலடில மங்கலா தெரியற அந்த பாலிஷ் போடறவரையும்தான் சொல்றாங்க. அந்தப் படத்தை எப்பப் பாத்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம், நின்னு நிதானமா செய்ற வேலைங்கறதால பதிஞ்சது.

மிரர் ஷைனுக்கு வர்றேன், ராணுவத்துல ஸ்பிட் ஷைன்னு சொல்வாங்களே அது. தோலோட மேல்பரப்புல நுண்ணிய மேடுபள்ளம் இருக்கு, வெளிச்சம் அதுல பட்டு நாலாபக்கமும் சிதறும், அந்தப் பள்ளத்தையெல்லாம் இறுக்கமான மெழுகால நிரப்பி சமமாக்கிட்டா வெளிச்சம் ஒரே திசைல திரும்பும், முகம் தெரியும். துணியை விரல்ல சுருக்கமில்லாம இறுக்கிக் கட்டி, மெழுகைத் தொட்டு சின்னச் சின்ன வட்டமா தேய்ச்சு, சில தடவை ஏத்தினதும் கொஞ்ச நேரம் காய விட்டு, அப்புறம் ஒரே ஒரு சொட்டு தண்ணி விட்டு மறுபடி வட்டம். தண்ணி இருந்தா துணி மெழுகைப் பிடிச்சு இழுக்காது, வழுக்கிப் போகும். முதல்ல மங்கலாத்தான் இருக்கும், அந்த நேரத்துலதான் நிறைய பேர் அழுத்தித் தேய்க்க ஆரம்பிப்பாங்க, அழுத்தினா ஏத்தினதெல்லாம் கையோட வந்துடும், லேசா, பொறுமையா. இதை முன் டோவுலயும் பின் ஹீல் பக்கமும் மட்டும்தான் போடணும், அங்க உள்ள விறைப்பா அட்டையோ தோலோ வச்சிருப்பாங்க, மடங்காது. மடங்கற இடத்துல இவ்வளவு மெழுகு ஏத்தினா முதல் நடைலயே பாளம் பாளமா உடையும். ஷூ முழுக்க கண்ணாடி பண்றது எனக்குப் பிடிக்காது, பிரவுன் ஷூவுக்கு கிரீம் கொடுக்கற அந்த அடங்கின ஒளிதான் அழகுன்னு நினைக்கறேன்.

ஈரத்துக்கு வருவோம், ஏன்னா ஷூவைக் கொல்றதுல முதல் இடம் அதுக்குத்தான். ரெண்டு பாதத்துலயும் சேர்த்து சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பி இருக்குன்னு சொல்வாங்க, மழையே இல்லன்னாலும் தினமும் ஷூ உள்ள இருந்து நனைஞ்சுட்டுத்தான் இருக்கு. அது முழுசா காய ஒரு நாளாவது வேணும். அதனாலதான் ரெண்டு ஜோடி வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போடுங்கன்னு சொல்றது, ஒரே ஜோடியைத் தேய்க்கறதை விட ரெண்டும் சேர்ந்து ரொம்ப நாள் வரும். கழட்டின சூட்டோட மர ஷூ ட்ரீயை (ஷூவுக்குள்ள வைக்கற கால் வடிவ அச்சு) போட்டுடணும், ஈரமா இருக்கும்போது தோல் எந்த வடிவத்துல காயுதோ அதே வடிவத்துல நிக்கும், சும்மா விட்டா சுருங்கி டோ மேல தூக்கிக்கும். வார்னிஷ் அடிக்காத செடார் மரம்னா ஈரத்தையும் கொஞ்சம் இழுக்கும், வாசனையும் நல்லா இருக்கும்.

மழைல தொப்பலா நனைஞ்சா அவசரமே படக்கூடாது. வெளியைத் துடைச்சுட்டு, உள்ள பேப்பர் சுருட்டி வச்சு, அது நனைய நனைய மாத்திட்டே இருங்க. உள் லைனிங் வெளிர் கலர்னா அச்சடிக்காத பேப்பர், இல்லன்னா மை ஒட்டிக்கும். நேரா நிக்க வைக்காம பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க, அடி சோலுக்கும் காத்து படணும். வெயில், ஹீட்டர், ஹேர் டிரையர் எதுவும் கிட்டயே வரக்கூடாது. மரப்பட்டைல பதனிட்ட தோல் ஈரமா இருக்கும்போது 70, 80 டிகிரிலயே சுருங்க ஆரம்பிச்சிடும், குரோம் தோல் 100 டிகிரி பக்கம் தாங்கும், ஆனா உள் சோல் பல ஷூல மரப்பட்டைத் தோல்தான், ஒட்டியிருக்கற பசையும் சூட்டுல விடும். ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், நிழல்ல காத்துல காயட்டும், காஞ்சதும் கண்டிஷனர் போட்டுட்டு அப்புறம் பாலிஷ்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், துணிப்பை போதும். பூஞ்சை வந்துட்டா வெளில கொண்டு போய் பிரஷ் போட்டு, வினிகர் கலந்த தண்ணில உள்ளயும் வெளியயும் துடைச்சு நல்லா காய வைங்க, பக்கத்துல இருந்த ஷூவையும் பாருங்க, அது பரவியிருக்கும். இன்னொண்ணு, பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூவை விசேஷத்துக்குன்னு வருஷக்கணக்கா பெட்டிலயே வச்சிருக்காதீங்க. காத்துல இருக்கற ஈரமே அந்தப் பொருளை உள்ளுக்குள்ள உடைக்கும், ஒரு நாள் எடுத்துப் போட்டா கேக் மாதிரி உதிரும், அதுல நடந்துட்டே இருக்கறதுதான் நல்லது.

ஸ்வேட், நூபக்னு மேல்பரப்பு வெல்வெட் மாதிரி இருக்கற தோல் ஷூவுக்கு இந்த பாலிஷ் வேலை எதுவுமே பொருந்தாது, மெழுகோ கிரீமோ பட்டா போச்சு. அதுக்குன்னு இருக்கற ரப்பர் பிரஷ், காஞ்ச கறைக்கு ஒரு அழிரப்பர், புதுசுலயே ஒரு வாட்டர் ரிப்பெல்லன்ட் ஸ்ப்ரே. கண்ணாடி மாதிரி பூச்சு போட்ட பேட்டன்ட் லெதருக்கு ஈரத்துணி போதும்.

கடைசியா அடிப்பக்கம். மேல் தோலை இவ்வளவு பாத்துட்டு சோலைத் திருப்பியே பாக்காதவங்க நிறைய. குட்இயர் வெல்ட்டுன்னு தைக்கற முறை இருக்கு, ரப்பரை வல்கனைஸ் பண்ணின (கந்தகத்தோட சூடாக்கி உறுதியாக்கின) சார்லஸ் குட்இயரோட மகன் பேர்ல வர்றது, அதுல மேல் தோலை வெல்ட்டுங்கற ஒரு தோல் பட்டையோட தைச்சு, சோலை அந்தப் பட்டையோட தனியா தைப்பாங்க. அதனால சோல் தேஞ்சா மேல் தோலைத் தொடாம பிரிச்சு வேற சோல் தைக்கலாம், மேல் தோல் நல்லா இருக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப மாத்தலாம், இத்தனை கிரீமும் கண்டிஷனரும் போட்டதுக்குப் பலன் அங்கதான் வரும். வெறும் பசைல ஒட்டின சோல்னா மாத்தறது கொஞ்சம் சிரமம், சிலது முடியும் சிலது முடியாது, ஷூ ரிப்பேர் பண்றவர்கிட்ட காட்டிக் கேட்டுக்கங்க. எதுவா இருந்தாலும் ஹீல்ல கீழ இருக்கற ரப்பர் துண்டை மட்டும் மாசம் ஒரு தடவை பாருங்க, பெரும்பாலும் வெளிப் பின்மூலைதான் முதல்ல தேயும், அது முழுசா போறதுக்குள்ள மாத்திட்டா சின்ன வேலை, மேல இருக்கற தோல் அடுக்கு வரைக்கும் தேய விட்டா ஹீலையே புதுசா கட்டணும்.